மூடியைத் திறந்தால் இரண்டு வேலை: ஆட்டோமேட்டிக் வாட்சின் நேரமும் நீர்த்தடையும்

தினமும் கட்டும், கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்ச் நாளுக்கு 14, 15 நொடி முந்தி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பது செய்கோவின் என்.எச்.35 மெஷின். அதற்குத் தொழிற்சாலை சொல்லும் வரம்பே நாளுக்கு −20 முதல் +40 நொடி வரை. அதனால் இதைப் பழுது என்று சொல்ல முடியாது. இருந்தாலும் ஒரு வாரம் விட்டால் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தள்ளிப் போய்விடுகிறது. ஒரு நாளுக்கு 86,400 நொடி. அதில் 14 நொடி என்பது பத்தாயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. ஒரு ஸ்பிரிங்கையும் சில பல்சக்கரங்களையும் வைத்து இந்தத் துல்லியம் வருவதே பெரிய விஷயம். ஆனால் இன்னும் கொஞ்சம் சரிசெய்ய வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகு விட மனம் வரவில்லை.

அந்த வழி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சின்ன நெம்பு. அது பின்மூடிக்கு உள்ளே இருக்கிறது. மூடியைத் திறந்தால், அதுவரை இருந்த நீர்த்தடையை நம்ப முடியாது. வெளியே பொறித்திருக்கும் ‘100 மீட்டர்’ அப்படியேதான் இருக்கும். ஆனால் அந்த எண்ணைக் காப்பாற்றுவது மூடிக்கு அடியில் அமுங்கியிருக்கும் ரப்பர் வளையம். நேரம் திருத்தும் செய்முறைகள் பலவற்றில் கடைசி வரி ‘பிறகு மூடியை மாட்டிவிடுங்கள்’ என்று முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நெம்பை நகர்த்துவது சில நிமிட வேலை. திறந்ததை ஒழுங்காக மூடுவதுதான் பெரிய வேலை. இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும்.

திறப்பதற்கு முன்

முதலில் கையில் கட்டியபடியே சில நாள் கணக்கெடுத்தேன். பக்கவாட்டில் இருக்கும் திருகுக் குமிழான கிரவுனை வெளியே இழுத்தால் நொடிமுள் நின்றுவிடும் வசதி இந்த மெஷினில் உண்டு. அதனால் ஃபோன் நேரத்தோடு நொடி பிசகாமல் சேர்த்து வைக்கலாம். பிறகு தினமும் காலையில் ஒரே நேரத்தில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று குறித்தேன். இங்கே பார்க்க வேண்டியது எத்தனை நொடி என்பதைவிட, தினமும் அதே அளவா என்பதுதான். தினமும் 14 நொடி முந்தினால் நெம்பை நகர்த்திச் சரிசெய்துவிடலாம். ஒரு நாள் 30 முந்தி மறுநாள் 15 பிந்தினால் அந்த மெஷினுக்குக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போடும் முழு சர்வீஸ்தான் தேவை. நெம்பில் கை வைத்துப் பயனில்லை.

அடுத்து காந்தம். வாட்சின் துடிப்பை நடத்தும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகி வாட்ச் தாறுமாறாக முந்தும். இதைக் கண்டுபிடிக்கச் சாதாரணத் திசைகாட்டி போதும். ஆனால் முள் அசைந்தாலே காந்தம் ஏறிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. வெறும் இரும்பும் முள்ளை இழுக்கும். வாட்சின் ஒரே இடத்தை முள்ளின் இரண்டு முனைகளுக்கும் காட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு முனையையும் இழுத்தால் வெறும் இரும்பு. ஒன்றை இழுத்து மற்றதைத் தள்ளினால் காந்தம் ஏறியிருக்கிறது. என் வாட்ச் இரண்டையும் லேசாக இழுத்தது, அவ்வளவுதான். தள்ளியிருந்தால் மாறுமின் சுருள் கொண்ட காந்தநீக்கியில் வைத்து, பொத்தானை அழுத்தியபடியே மெதுவாகத் தூர எடுத்திருப்பேன். பல நேரம் அதோடு வேலை முடிந்துவிடும், மூடியைத் திறக்கவே வேண்டியிருக்காது. அதனால்தான் இந்தச் சோதனை முதலில்.

மூடிக்கு அடியில்

பட்டையைக் கழற்றி, பின்மூடியின் விளிம்பையும் அதைச் சுற்றியுள்ள இடுக்கையும் மென்மையான பிரஷ்ஷாலும் பல்குச்சியாலும் சுத்தம் செய்தேன். வியர்வையும் தூசியும் சேர்ந்து இறுகிய கறுப்பு அழுக்கு அங்கே எப்போதும் இருக்கும். அதை எடுக்காமல் திறந்தால் மரையிலிருந்து உதிர்ந்து நேராக மெஷினுக்குள் விழும். மூடி மரையில் திருகும் வகை. ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் பந்துக்கு அசையவில்லை. கேஸைப் பிடிப்பானில் இறுக்கி வைத்து, மூன்று பிடி உள்ள சாவியால் திறந்தேன். பிடிகள் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பலம் கொடுக்க வேண்டும். வழுக்கினால் மூடியில் நீளமாகக் கீறல் விழும்.

ரப்பர் வளையம் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. உலோக முனை எதையும் கிட்டே கொண்டுபோகாமல் பல்குச்சியால் கிளப்பி எடுத்து லென்ஸில் பார்த்தேன். புதிய வளையத்தை வெட்டிப் பார்த்தால் குறுக்கே வட்டமாக இருக்கும். இதுவோ மேலும் கீழும் தட்டையாகி நாடா மாதிரி ஆகிவிட்டிருந்தது. விரலால் அழுத்திவிட்டால் திரும்பி எழும்பவில்லை. இன்னும் முக்கியமாக, ஒரு துணி நூலிழை வளையத்துக்குக் குறுக்கே கிடந்து தன் தடத்தைப் பதித்திருந்தது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அந்த ஒரு இழை, உள்ளேயிருந்து வெளியே போட்ட வாய்க்கால். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடத்தில் ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தபடியேதான் இருக்கும்.

இப்படிப்பட்ட வளையத்தைத் துடைத்து, கிரீஸ் தடவித் திரும்பப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் போடமாட்டேன். நீரைத் தடுப்பது கிரீஸ் இல்லை, ரப்பரின் எதிர்த்து எழும்பும் குணம். அது போய்விட்டால் கிரீஸால் ஒன்றும் ஆகாது.

நெம்பு

டைம்கிராஃபர் என்பது வாட்சின் சத்தத்தைக் கேட்டுக் கணக்குப் போடும் கருவி. என்.எச்.35 மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது நொடிக்கு 6. கருவியில் வீச்சைக் கணக்கிட உதவும் லிஃப்ட் கோணத்தை இந்த மெஷினுக்கு உரிய 53 பாகைக்கு மாற்றினேன். வேறு எண் இருந்தால் வேகம் சரியாகத்தான் காட்டும், ஆனால் வீச்சு, அதாவது ஹேர்ஸ்பிரிங்கோடு இங்குமங்கும் ஆடும் பேலன்ஸ் வீல் எத்தனை பாகை ஆடுகிறது என்பது, தப்பாக வரும். சாவி முழுசாகக் கொடுத்து, ஒவ்வொரு நிலைக்கும் திருப்பிய பிறகு அரை நிமிடம் நிதானத்துக்கு வர விட்டு எடுத்த அளவுகள், நாளுக்கு எத்தனை நொடி என்ற கணக்கில், இவை: டயல் மேலே +19, டயல் கீழே +21, கிரவுன் மேலே +6, கிரவுன் கீழே +16, கிரவுன் இடப்பக்கம் +9. சராசரி +14 சொச்சம். கையில் கட்டி எடுத்த கணக்கோடு ஒத்துப்போனது.

படுக்கை நிலையில் பேலன்ஸ் வீலின் வீச்சு 260 பாகைக்கு மேல், நிமிர்த்தி வைத்தால் 230ஐ ஒட்டி. இது இயல்புதான். படுத்திருக்கும்போது வீலின் அச்சுமுனை மட்டும் கல்லைத் தொடும். நிமிர்ந்தால் அச்சின் பக்கவாட்டு முழுதும் உரசும், உராய்வு கூடும், வீச்சு குறையும். நிலைக்கு நிலை வேகம் மாறுவதும் இதோடு வருவது. சட்டைப் பையில் எப்போதும் நிமிர்ந்தே நிற்கும் பாக்கெட் வாட்சுகளுக்கு இது பெரிய தலைவலி. அதற்காகத்தான் வாட்ச் தயாரிப்பாளர் பிரெகே, பேலன்ஸ் வீலையும் அதற்குத் துடிப்புக்குத் துடிப்பு விசை தரும் எஸ்கேப்மென்டையும் ஒரு கூண்டுக்குள் வைத்து, கூண்டையே சுற்றவிடும் டூர்பியானுக்கு 1801இல் காப்புரிமை வாங்கினார்.

என் நெம்பால் அந்த வித்தியாசத்தைத் தொடவே முடியாது. நெம்பை நகர்த்தினால் எல்லா நிலைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் சேர்ந்து ஏறும் அல்லது இறங்கும். அதிவேக நிலைக்கும் அதிமெது நிலைக்கும் நடுவில் இருக்கும் 15 நொடி அப்படியே நிற்கும். அதனால் டயல் மேலே இருக்கும்போது பூஜ்யம் காட்ட வைப்பதில் அர்த்தமில்லை. அப்படி வைத்தால் கிரவுன் மேலே இருக்கும்போது −13 ஆகி, கையில் கட்டினால் வாட்ச் பிந்தும். திரையில் பூஜ்யத்தைக் காட்டிப் படம் எடுக்க அழகாக இருக்கலாம். வாட்ச் இருக்க வேண்டியது கையில்.

பேலன்ஸ் வீலுக்கு மேலே இரண்டு நெம்புகள் தெரியும். ஒன்று வேகத்துக்கு. இன்னொன்று ஹேர்ஸ்பிரிங்கின் வெளிமுனையைப் பிடித்திருப்பது, அது பீட் எரருக்கு. டிக்குக்கும் டாக்குக்கும் இடையே உள்ள இடைவெளி சமமாக இல்லாவிட்டால் வாட்ச் நொண்டி நடக்கிற மாதிரி ஓடும். அந்த வித்தியாசம் மில்லி நொடியில் வரும். என்னுடையது 0.4. அதை நான் தொடவில்லை. 0.5க்குக் கீழே இருப்பதைப் பூஜ்யமாக்கப் போய், சரியாக இருக்கும் இன்னொன்றைக் கலைப்பதில் லாபம் இல்லை. 1க்கு மேல் இருந்தால் திருத்தலாம். அப்போது பீட் எரரை முதலில் முடிக்க வேண்டும், ஏனென்றால் அந்த நெம்பை நகர்த்தினால் வேகமும் சேர்ந்து மாறும்.

வேக நெம்பை உலோகம் இல்லாத கூர்குச்சியால் தள்ளினேன். தள்ளினேன் என்பதே பெரிய வார்த்தை. லென்ஸில் பார்த்தாலும் நகர்ந்தது தெரியவில்லை, ஆனால் திரையில் கோடு சாய்வு மாறிவிட்டது. ஒரு மயிரிழை நகர்வு பல நொடிகளை மாற்றும். எந்தப் பக்கம் போனால் வேகம் குறையும் என்பதைத் திரையே சொல்லிவிடும். குச்சி வழுக்கினால் போகும் திசையில் ஹேர்ஸ்பிரிங் இருக்கக் கூடாது. அதற்கேற்ற மாதிரி வாட்சைத் திருப்பி வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். கடைசியில் நின்ற அளவுகள்: டயல் மேலே +7, டயல் கீழே +9, கிரவுன் மேலே −6, கிரவுன் கீழே +4, கிரவுன் இடப்பக்கம் −3. சராசரி +2 சொச்சம். மிகத் துல்லியமான வாட்சுகளுக்குத் தரும் கிரோனோமீட்டர் சான்றிதழுக்கான, ஐ.எஸ்.ஓ. 3159 என்ற சர்வதேசத் தரச் சோதனையில் சராசரி −4 முதல் +6க்குள் வர வேண்டும். ஆனால் அது 5 நிலைகளில், 8, 23, 38 டிகிரி வெப்பநிலைகளில், 15 நாள் நடக்கும் சோதனை. சராசரி எண் மட்டும் ஒத்துப்போனதால் என் வாட்ச் அந்த வகுப்புக்குப் போய்விடாது. அந்த 15 நொடி வித்தியாசமே அதைச் சொல்லும்.

மூடுவது

புதிய வளையம் வாங்கும்போது பழைய வளையத்தை அளக்கக் கூடாது. அது தட்டையாகி, இழுபட்டு, உண்மை அளவை எப்போதோ விட்டிருக்கும். பள்ளத்தின் உள்விட்டத்தையும் ஆழத்தையும் அளந்து, பள்ளத்துக்கு மேலே கொஞ்சம் எழும்பி நிற்கும் தடிமனில் எடுத்தேன். முழுசாகப் பள்ளத்துக்குள் அமிழ்ந்துவிட்டால் மூடி அதை அமுக்காது.

பள்ளத்தைச் சுத்தமாகத் துடைத்து, ரப்பர் ஊதியால் தூசி போக்கி, வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் தடவினேன். பளபளப்பு தெரிந்தால் போதும், பிசுபிசுப்பு வரக் கூடாது. திருகும்போது மூடி ரப்பரின் மேல் சுழன்றுகொண்டே இறங்கும். கிரீஸ் இல்லாவிட்டால் வளையத்தை இழுத்து முறுக்கிவிடும். கிரீஸின் வேலை அந்த வழுக்கல்தான். அதிகம் தடவினால் தூசியைப் பிடிக்கும், மெஷின் பக்கமும் பரவும். வளையம் எங்கும் முறுக்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று லென்ஸில் ஒரு முழுச் சுற்று பார்த்தேன். நூலிழையைப் பார்த்த பிறகு இந்தச் சுற்றை யாரும் அவசரமாக முடிக்கமாட்டார்கள்.

மூடியை வைத்ததும் முதலில் திறக்கிற திசையில் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஓர் இடத்தில் மூடி லேசாகக் கீழே இறங்கும், விரலுக்குத் தெரியும். மரையின் வாய் சேர்வது அங்கேதான். அங்கிருந்து இறுக்கும் திசைக்குத் திரும்பினால் மரை மாறி ஏறாது. திருகும் கிரவுனுக்கும் இதே பழக்கம் நல்லது.

தண்ணீர்

என்னிடம் இருப்பது கையால் அழுத்தம் ஏற்றும் கண்ணாடிக் குழாய்ச் சோதனைக் கருவி. பாதி தண்ணீர். வாட்ச் தண்ணீருக்கு மேலே காற்றில் தொங்கும். 3 பார் அழுத்தம் ஏற்றி, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். ஓட்டை இருந்தால் அந்த அழுத்தக் காற்று கேஸுக்குள் போயிருக்கும். அப்புறம் வாட்சைத் தண்ணீருக்குள் இறக்கி, வால்வை மெதுவாகத் திறந்து அழுத்தத்தைக் குறைத்தால், உள்ளே போன காற்று அதே ஓட்டை வழியாகக் குமிழிகளாக வெளியே வரும். வெளியே வந்துகொண்டிருக்கும் வரை தண்ணீர் உள்ளே போகாது. அதனால்தான் குமிழி தெரிந்ததும், அழுத்தம் முழுதும் இறங்குவதற்குள் வாட்சை மேலே தூக்கிவிட வேண்டும்.

பட்டை மாட்டும் கொம்புகளிலும் விளிம்பிலும் ஒட்டிய காற்று நாலைந்து குமிழியாகப் பிரிந்து போகும், திரும்ப வராது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கசிவு வேறு மாதிரி: ஒரே புள்ளியிலிருந்து, ஒரே அளவில், ஒன்றன்பின் ஒன்றாக வரும். பின்மூடியில் அப்படி எதுவும் இல்லை. கிரவுனுக்கு அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கோடு போட்டு ஏறின. உடனே தூக்கிவிட்டேன்.

திறந்தது பின்மூடி, கசிந்தது கிரவுன். யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. பின்மூடி வளையம் போட்ட இடத்தில் அசையாமல் கிடக்கும். கிரவுனுக்குள் இருக்கும் வளையமோ ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் குழாயில் உரசித் தேயும். கைக்கடிகாரத்தின் நீர்த்தடை வரலாறே பெரும்பாலும் இந்தத் துளையை அடைக்கப் பட்ட பாடுதான். 1926இல் ரோலெக்ஸ் கொண்டுவந்த ஆய்ஸ்டர் கேஸின் உயிர் அதன் திருகும் கிரவுன். 1927இல் நீச்சல் வீராங்கனை மெர்சிடிஸ் கிளைட்ஸ் இங்கிலீஷ் கால்வாயில் நீந்தியபோது அதைக் கழுத்தில் கட்டியிருந்தார். மணிக்கணக்கில் தண்ணீரில் கிடந்தும் அது ஓடிக்கொண்டிருந்தது.

என் கிரவுனில் வளையத்தின் மேல் ஒரு உலோக வாஷர் அழுத்திப் பொருத்தியிருக்கிறது. அதைக் கிளப்பாமல் வளையத்தை மட்டும் மாற்ற முடியாது. அதனால் அதே அளவு புதிய கிரவுனையே போட்டேன். கிரவுனை மெஷினோடு இணைக்கும் தண்டான ஸ்டெம்மைக் கழற்றி, பழைய கிரவுனைத் திருகி எடுத்து, 0.9 மில்லிமீட்டர் மரையில் புதியதை ஏற்றி, நீளம் சரியா என்று பார்த்தேன். கிரவுன் முழுதும் திருகி இறங்கும்போது ஸ்டெம் மெஷினைத் தள்ளக் கூடாது; இழுத்தால் தேதி, நேரம் இரண்டு படியும் தெளிவாகக் கிடைக்க வேண்டும். மறுபடி மூடி, மறுபடி 3 பார், அடுத்து கருவி தாங்கும் 6 பார். குமிழி இல்லை.

கடைசியாக ஐ.எஸ்.ஓ. 22810 சொல்லும் பனிப்புச் சோதனை. வாட்சை 40 முதல் 45 டிகிரி சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து, கண்ணாடியின் மேல் குளிர்ந்த நீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் சொட்டு இருந்த இடத்தில் கண்ணாடியின் உட்புறம் மங்கும். மங்கவில்லை.

6 பார் என்பது 60 மீட்டர் ஆழத்துக்குச் சமம். பொறித்திருக்கும் 100 மீட்டருக்கு 10 பார் வேண்டும். என் கருவியால் அதை நிரூபிக்க முடியாது. நான் நீந்துவேன், ஆழத்தில் மூழ்கமாட்டேன், எனக்கு இது போதும். மூழ்குகிறவர்கள் வைத்திருக்க வேண்டியது ஐ.எஸ்.ஓ. 6425 வாட்ச். அதில் ஒவ்வொரு வாட்சையும் பொறித்த ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிப்பார்கள்.

நீந்தும்போது கையை வீசுவதால் அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும், அதனால்தான் 100 மீட்டர் வாட்சும் குளத்தில் கெட்டுப்போகிறது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. கணக்குப் போட்டால் அது நிற்காது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கை தண்ணீரை வெட்டினாலும் அதனால் கூடும் அழுத்தம் சுமார் 0.125 பார், ஒன்றேகால் மீட்டர் ஆழம் கூடுதலாகப் போன மாதிரி. வாட்சுக்குள் தண்ணீர் போவது பெரும்பாலும் மூன்று காரணங்களால்: எழும்பும் குணம் போன வளையம், முழுசாகத் திருகாத கிரவுன், சுடுநீரும் சோப்பும். சுடுநீர்க் குளியலுக்கு மட்டும் நான் எந்த வாட்சையும் கட்டுவதில்லை. நீராவி, சூடு, சோப்பு மூன்றும் சேர்ந்து ரப்பரைப் பதம் பார்க்கும். கடல் நீரில் போய் வந்தால், கிரவுன் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசினால் போதும். கண்ணாடிக்குள் என்றைக்காவது பனிப்பு தெரிந்தால் அரிசிக்குள் புதைத்து வைத்துக் காத்திருக்கக் கூடாது. அன்றே மூடியைத் திறந்து உலர்த்த வேண்டும். உள்ளே இருக்கும் இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது கையில்

கட்டிப் பார்த்ததில் நாளுக்கு 2, 3 நொடி முந்துகிறது. மேசையில் உட்கார்ந்து வேலை செய்யும் நாள்களில் டயல் மேலே இருக்கும் நேரம் அதிகம், அன்றைக்கு ஒன்றிரண்டு நொடி கூடும். கை தொங்க நடக்கும் நாள்களில் கிரவுன் தரையைப் பார்க்கும், அதைவிடக் கொஞ்சம் குறையும். இரவில் கழற்றி வைக்கும் விதத்தை வைத்தும் இதைச் சமன் செய்யலாம். கிரவுன் மேலே இருக்கும்படி நிமிர்த்தி வைத்தால் 8 மணி நேரத்தில் 2 நொடி இழக்கும். டயல் மேலே வைத்தால் 2 நொடிக்குச் சற்று மேல் ஏறும். காலையில் எவ்வளவு முந்தியிருக்கிறது என்று பார்த்து, அன்றிரவு எப்படி வைப்பது என்று முடிவு செய்கிறேன். நெம்பைத் திரும்பத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரு நாள் முழுக்கக் கட்டாமல் விட்டால் ஸ்பிரிங் தளர்ந்து வீச்சு குறையும், கணக்கு மாறும். அந்த மாதிரி நாள்களில் காலையில் கொஞ்சம் சாவி கொடுத்துவிடுகிறேன்.

நோட்டில் வளையத்தின் அளவு, கிரவுன் குழாயின் விட்டம், மாற்றிய தேதி, ஐந்து நிலை அளவுகள் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை, மூடியைத் திறக்காமலே, 3 பாரில் காற்றில் தொங்கவிட்டுத் தண்ணீரில் இறக்கும் சோதனை. அடுத்த முறை மூடியைத் திறந்தால், பழைய வளையம் நன்றாக இருந்தாலும் புதியதுதான் போடுவேன்.